சுவரை நிமிர்த்தியவர்

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு குறை தெரியும். வானம் வெளுத்துப் போயிருக்கிறது என்பார். வேப்பமரத்தில் பச்சை போதாது என்பார். ஒருநாள் சில்வர் பீச்சில் நின்றுகொண்டு கடலைப் பார்த்து, "ப்ளூ கொஞ்சம் டல்லா இருக்குது" என்றார். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த எனக்கு அந்தக் கடலில் ஒரு குறையும் தெரியவில்லை. செம்மண்டலத்து வீட்டுக்குத் திரும்பியதும் காலைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். காபி எடுத்துக்கொண்டு போனேன். சொட்டு நீலம் கரைத்த வாளித் தண்ணீர் மாதிரி ஒரு கடல் திரையில் கிடந்தது. "இப்பத்தான் கடல் கடலா இருக்குது" என்றார். கடலூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். நடக்காததை நடந்ததாகவும் நடந்ததை நடக்காததாகவும் மார்ஜின் விட்டு அழகாக அடித்துக் கொடுத்துப் பழகிய கை. பொய்யைக் கண்டு மிரளுகிறவள் அல்ல. ஆனால் எங்கள் ஆபீஸுக்கு வருகிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்றாவது தெரியும். என் வீட்டுக்காரருக்கு அதுவும் தெரியாது. "பொய் இல்லடி, என்ஹான்ஸ் பண்றேன்" என்பார். ஏதோ மருந்து கொடுத்துத் தேற்றுகிறவர் மாதிரி அந்தச் சொல்லைச் சொல்வார். மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவர், அதனால் வந்த தோரணையாக இருக்கலாம்.

போனஸ் வந்த வருஷம் கேமரா வந்தது. அதன் பின்னாலேயே லென்ஸ்கள், மூன்று கால் ஸ்டாண்டு, உடம்பு முழுக்கப் பாக்கெட் வைத்த ஒரு மேல்சட்டை எல்லாம் வந்தன. அந்தப் பாக்கெட்டுகளில் என்ன இருக்கிறது என்று துவைக்கப் போடும்போது தடவிப் பார்ப்பேன். ஒன்றில் வேர்க்கடலைத் தோல் இருந்தது. மற்றதெல்லாம் காலி.

கடைசியாக வந்தது படத்தைத் திருத்துகிற அந்த மென்பொருள். அது வந்த பிறகு வீட்டில் யாருக்கும் சொந்த முகம் இல்லாமல் போயிற்று. என்னைப் படம் எடுத்தால் கன்னத்து மங்கு காணாமல் போய்விடும். கண்ணுக்கடியில் இருக்கும் கருப்பு போய்விடும். நிறம் ஏறும், தாடை மெலியும். "யாருங்க இது?" என்று கேட்டேன். "நீதான்" என்றார், கொஞ்சமும் கூசாமல். அந்தப் பெண்ணோடு குடும்பம் நடத்தக் கொடுத்து வைத்திருந்தால் அவருக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு அந்தக் கொடுமை நேரவில்லை.

இவரைப் போலவே சிலர் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு இரும்புக் கடை முதலாளி, ஓய்வு பெற்ற ஒரு டிரில் மாஸ்டர், இன்னும் சிலர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், எல்லாரும் எங்காவது கிளம்பி, எல்லாரும் ஒரே கொக்கைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். பிறகு வாரம் முழுக்க ஒருவர் கொக்கை ஒருவர் பாராட்டுவார்கள். "செம சார்", "ஃப்ரேம் பண்ணி மாட்டணும் சார்", "லைட்டு பேசுது சார்". ஒருவரும் இன்னொருவர் படத்தைக் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. குறை சொல்லிவிட்டால் நாளைக்குத் தன் கொக்கை யார் புகழ்வார்கள்?

இந்தக் கூட்டம் சிதம்பரத்தில் தேர் பார்க்கப் போனபோது நானும் போனேன். தேர் பார்க்க என்றா சொன்னேன்? அவர்களில் ஒருவரும் தேரைப் பார்க்கவில்லை. வடம் பிடித்து இழுக்கிறவர்களுக்கு முன்னால் ஓடி ஓடி, குனிந்து, மண்டியிட்டு, பின்னால் நின்ற ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றார்கள். வியர்த்து வழிய வடம் இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பல் டாக்டர், "கொஞ்சம் பக்தியா மேல பாருங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த மனிதர் பல் டாக்டரைப் பார்த்த பார்வையில் பக்தி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தேர்ப் படத்தில் கீழவீதிக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் ஓடிய கரண்ட் கம்பி, கேபிள் ஒயர் எல்லாவற்றையும் அழித்தார். மௌஸைக் கொண்டு தேய்த்தால் கம்பி மறைந்து அந்த இடத்தில் வானமோ சுவரோ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு கம்பியையும் தேய்த்த வேகத்தில் தேர் வடத்தையும் தேய்த்துவிட்டார். படத்தில் தேர் தானாக வந்துகொண்டிருந்தது. முன்னால் நூற்றுக்கணக்கான ஜனங்கள் வெறுங்கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றை இழுத்தார்கள். குரூப்பில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. "டிவைன்" என்று எழுதினார் இரும்புக் கடை முதலாளி. நான் சமையலறையில் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சிரித்ததோடு என் பங்கு முடிந்திருந்தால் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என் தங்கை விஷயத்தில் அவர் கை வைத்தார்.

தங்கை கிள்ளையில் இருந்தாள். பிச்சாவரத்துக்குப் படகு விடுகிற இடத்துக்குப் போகிற சாலையில் ஒரு பழைய ஓட்டு வீடு, வாடகைக்கு. அவள் புருஷன் போன பிறகு அந்த வீட்டு வாசலிலேயே இட்லி போட்டு விற்று மகளை ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைத்தாள். காலையில் படகோட்டிகள் வருவார்கள். விடுமுறை நாளில் வெளியூர்க்காரர்களும் வருவார்கள். அந்த வாசல் போனால் அவளுக்குக் கையில் ஒன்றுமில்லை. சாலையில் வேறு வீடு எதுவும் அவள் கொடுக்கிற வாடகைக்குக் கிடைக்காது.

போன மழைக்கு அந்த வீட்டுச் சமையலறைச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேலிருந்து கீழே விரல் போகிற அளவுக்கு ஒரு விரிசல். பக்கத்தில் இருந்த படகோட்டி ஒருவர் சவுக்குக் கட்டை கொண்டுவந்து முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்தார். அந்தக் கட்டையை நம்பித்தான் அவள் உள்ளே நின்று இட்லி அவித்தாள். வீட்டு ஓனர் புதுச்சேரியில் இருக்கிறவர். அப்பா வழியில் வந்த வீடு. வாடகை வந்தால் சரி என்று வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவர். போனில் பேசினால், "கிளியரா ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா, பாத்துட்டு கொத்தனார அனுப்பறேன்" என்றார். தங்கையின் போனில் எடுத்தால் அடுப்புப் புகைக்குள் எடுத்த மாதிரிதான் வரும். கேமரா கண்ணாடியெல்லாம் கீறல்.

நானே என் போனில் எடுத்து அனுப்பியிருப்பேன். இவர் விட்டால்தானே.

"நான் இருக்கும்போது நீ எதுக்கு? இதுக்குன்னு ஒரு லென்ஸ் இருக்குது" என்றார்.

ஸ்டாண்டு, பை, பாக்கெட் சட்டை சகிதமாகச் சிதம்பரம் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கிள்ளை போய்ச் சேர்ந்தோம். சுவருக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் ஒரு சந்துதான் இருந்தது. அதில் நின்று எடுக்க வேண்டுமென்றால் அகல லென்ஸ் போட வேண்டுமாம். போட்டார். வெயில் சரியில்லை என்று காத்திருந்தார். தங்கை அவருக்கு இட்லி வைத்தாள், டீ போட்டாள், மறுபடியும் டீ போட்டாள். "சுவரு நல்லா தெரியறா மாதிரி எடுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். "கவலையே படாதம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் செய்த வேலையை நான் பார்க்கவில்லை. ஆபீஸில் இருந்தேன். என்னிடம் காட்டாமல் நேராக ஓனருக்கே அனுப்பிவிட்டார். பிறகு குரூப்பிலும் போட்டார். சாயங்காலம் நான் வந்ததும் பெருமையாகக் காட்டினார்.

சுவர் நேராக நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வீடோ என்று நினைத்தேன். அதே வீடுதான். ஓடுகள் கழுவி அடுக்கினது மாதிரி சிவப்பாக இருந்தன. வேலிப் பூவரசு பச்சைப்பசேலென்று இருந்தது. மேலே அப்படியொரு வானம், கிள்ளையில் அன்றைக்கு இல்லாத வானம். விரிசலைக் காணோம். முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டையையும் காணோம்.

"கட்டை எங்கங்க?"

"அது ஃப்ரேமுக்குக் குறுக்கால வந்துச்சு. கண்ண உறுத்துச்சு."

"விரிசல்?"

"அதுவுந்தான்."

"சுவரு எப்படிங்க நிமிந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு அவர் வாத்தியார் மாதிரி பதில் சொன்னார். அகல லென்ஸில் எடுத்தால் எந்தக் கட்டடமும் சாய்ந்துதான் தெரியுமாம். அதைச் சரி செய்ய ஒரு வசதி இருக்கிறதாம். எந்தக் கட்டடம் எடுத்தாலும் முதல் வேலையாக அதைத்தான் செய்வாராம். கோபுரத்தை எடுத்தாலும் அப்படித்தான், கலெக்டர் ஆபீஸை எடுத்தாலும் அப்படித்தான். சுவர் சாய்ந்திருப்பதைக் காட்டத்தான் அவ்வளவு தூரம் போனோம் என்பது, படம் திரையில் வந்ததும் அவருக்கு மறந்துவிட்டது. கைப்பழக்கத்தில் நிமிர்த்திவிட்டார். நேரில் அந்தச் சுவரடியில் நின்று டீ குடித்தவர். பயந்து ஒரு எட்டுத் தள்ளியும் நின்றவர்.

நான் அன்றைக்குத் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் முகத்தில் வருத்தம் வந்தது உண்மை. ஆனால் அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஓனர்.

"சார், படம் பிரமாதம் சார். என் வீடா இதுன்னு அசந்துட்டேன். நான் இன்னும் இடிஞ்சு கெடக்கும்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

என் வீட்டுக்காரர் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு வேலை. படத்தில் தப்பாகிவிட்டது, சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்வது. "தேங்க்ஸ் சார்" என்றார். என் முன்னாலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று ஓனர் கேட்க, இவர் விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் போனைப் பிடுங்கிப் பேசினேன். நிலைமையைச் சொன்னேன். "அப்படியாம்மா, படத்துல ஒண்ணும் தெரியலியே" என்றார் ஓனர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிள்ளைக்குப் போய் என் போனில் எடுத்து அனுப்பினேன். விரிசல், கட்டை, சாய்ந்த சுவர், எல்லாம். எனக்குப் படம் எடுக்க வராது. கொஞ்சம் ஆடிவிட்டது, கொஞ்சம் இருட்டு. ஓனர் பதில் அனுப்பினார். "இது பழைய போட்டோ மாதிரி தெரியுது. சார் எடுத்ததுதான் கிளியரா இருக்கு." உண்மை கலங்கலாக இருந்ததால் அதற்கு மதிப்பில்லை.

அடுத்த வாரம் ஓனர் தங்கைக்கே போன் செய்தார். பிச்சாவரம் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு அந்த வீட்டை விடப் போகிறாராம். எடுத்து நடத்த ஆள் பேசி முடித்தாகிவிட்டதாம். படத்தைப் பார்த்ததுமே அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்களாம். தை முடிவதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் அவளை அந்த வீட்டில் யாரும் தொந்தரவு செய்யாததற்குக் காரணம் அது பார்க்கச் சகிக்காமல் இருந்ததுதான். அந்த ஒரு காப்பையும் என் வீட்டுக்காரர் தேய்த்து அழித்துவிட்டார்.

பிறகு ஓனர் நேரில் வந்தார். சுவரைப் பார்த்தார். அதிர்ந்துதான் போனார். ஆனால் பேசினது பேசினதுதானே. உடனே கொத்தனாரை வரவழைத்து அந்தச் சுவரை இடித்து, செங்கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டார். தங்கை கேட்டபோது வராத கொத்தனார் ஊர் பார்க்க வருகிறவர்களுக்காக வந்தார். அவள் சாமானைக் கட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனாருக்கும் அவள்தான் இட்லி கொடுத்தாள். எனக்கு அவள் மேலேயும் கோபம் வந்தது.

காலி செய்த அன்று நாங்களும் போயிருந்தோம். சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பேசியிருந்தாள். மெஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு அறையும் கொடுத்தார்கள். இட்லிக் கொப்பரையை இறக்கி வைக்க இடமில்லாத அறை. கொப்பரையைப் படகோட்டி வீட்டில் கொடுத்துவிட்டாள். மீதிச் சாமானை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பாத்திரத்தைக்கூடத் தூக்கவில்லை. கழுத்தில் கேமரா.

"வாசல்ல ஒரு நிமிஷம் நில்லும்மா, ஞாபகத்துக்கு" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் போய் நின்றுவிட்டாள். யாருக்கும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவள். புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள், எங்கே அழுதுவிடுவோமோ என்று. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கேமரா சத்தம் கேட்டதும் அவள் திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறினாள்.

அந்தப் படத்தை நான் குரூப்பில் பார்க்கவில்லை. அவருடைய ஸ்டேட்டஸில் பார்த்தேன். என் தங்கை அந்த வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரச் சிரிப்பு அல்ல, பல் தெரிகிற சிரிப்பு. அவளுக்கு முன்பல் ஒன்று மேலே ஏறியிருக்கும். படத்தில் வரிசையான பல். கண்ணில் வீக்கம் இல்லை. ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது.

"இன்னாங்க இது?" என்றேன்.

"புதுசா ஒரு ஸ்லைடர் வந்திருக்குது. நகத்தினா போதும், சிரிப்பு வந்துரும்."

"அவ அழுத கண்ணோடல்லங்க நின்னா."

"தெரியும். அழுத மூஞ்சிய யாரு பாக்கப் போறாங்க? அவளுக்கே நாளைக்குப் பாத்தா சங்கடமா இருக்கும்ல."

அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போடலாம். எதிரில் இருப்பது எதுவாக இருந்தாலும் அது தன் கண்ணுக்குச் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கடல் ஆனாலும் சரி, பெண்டாட்டி ஆனாலும் சரி, வீடு இழந்தவள் ஆனாலும் சரி. இவரை ஒரு கலைஞன் என்று சொல்கிற கூட்டமும் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே டிரில் மாஸ்டர், "எளிமையின் புன்னகை" என்று எழுதியிருந்தார்.

அழிக்கச் சொன்னேன். அழித்தார். அதற்குள் ஓனருக்கும் அனுப்பியிருந்தார் என்பதை என்னிடம் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொக்கு எடுக்கப் போனார். நான் தனியாகச் சிதம்பரம் போய்த் தங்கையைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகள் படிப்பு, மெஸ் முதலாளி, தண்ணீர் வருகிற நேரம் என்று கொஞ்சம் பேசினோம். மாமாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஓனர் அவளுக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். கீழே எழுதியிருந்தார்.

"நீங்க மனசு கஷ்டப்பட்டுத்தான் போயிருப்பீங்கன்னு எனக்கு உறுத்தலா இருந்துச்சும்மா. சார் இதை அனுப்பினதும்தான் நிம்மதி ஆச்சு. சிரிச்ச முகத்தோட போயிருக்கீங்க. பெருசு பண்ணி அந்த வீட்டு ஹால்லயே மாட்டியிருக்கேன். தங்கறவங்க எல்லாம் யாருன்னு கேக்கறாங்க."

நான் படித்து முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கி இன்னொரு தடவை அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நான் அன்னிக்குச் சிரிச்சேனா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"இல்லடி" என்றேன். "நான் பக்கத்துலதான நின்னேன். நீ சிரிக்கல."